வெயில் பொதுச் சொத்து. கணக்கு நம் கையில்!

கதிரவன் கைமாறு கேட்பதில்லை. மாளிகையின் மாடி என்று கூடுதலாகக் காய்வதுமில்லை; ஓட்டு வீட்டின் முற்றம் என்று குறைத்துக் காய்வதுமில்லை. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி மிதிப்பவரின் முதுகில் விழுகிற அதே வெயில்தான் ஆலை அதிபரின் தோட்டத்துப் புல்வெளியிலும் விழுகிறது. வெயில் பொது. ஆனால் தோழர்களே, வெயிலால் விளைகிற பயன் பொதுவாக இருக்கிறதா? அதைத்தான் இன்று கேட்கிறோம்.

தாம்பரத்திலிருந்து புறப்படும் மின்சார ரயிலில் உட்கார்ந்து வெளியே பாருங்கள். மாடிக்கு மாடி கருநீலத் தகடுகள் வெயிலில் பளபளக்கின்றன. பத்தாண்டுக்கு முன்பு அவை பணக்காரரின் ஆடம்பரம். இன்று ஆசிரியர் வீட்டிலும் இருக்கின்றன, பேருந்து ஓட்டுநர் வீட்டிலும் இருக்கின்றன, ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளி வீட்டிலும் இருக்கின்றன. மகிழ்கிறோம். ஆனால் அந்த வீட்டுக்காரரை நிறுத்தி, "போன இரண்டு மாதத்தில் உங்கள் தகடு எத்தனை யூனிட் விளைத்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் எத்தனை பேர் எண்ணைச் சொல்வார்கள்? "ஏதோ ஓடுகிறது, பில் குறைந்திருக்கிறது" என்பார்கள். ஏதோ ஓடுகிறதாம்! கூலியில் நாலணா குறைந்தால் மேஸ்திரியின் சட்டையைப் பிடிக்கத் துணிந்த வர்க்கம், கூரையின்மேல் ஓடும் சொந்தத் தொழிற்சாலையின் கணக்கை மட்டும் காற்றில் விடுவதா?

ஆம், அது தொழிற்சாலைதான். கரி கேட்காத, கூச்சல் போடாத, சக்கரம் சுழலாத தொழிற்சாலை. 1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் சிலிக்கன் சில்லு ஒன்றை உலகுக்குக் காட்டினார்கள். அதன்மேல் விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்குதான் மின்சாரமாயிற்று. இன்று நம் மாடிக்கு வருகிற தகடு நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் மாற்றுகிறது. மணலிலிருந்து எடுத்த சிலிக்கன், வெயில் பட்டதும் தன்னுள்ளே மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. மந்திரமில்லை, மாயமில்லை, அறிவு இருக்கிறது, உழைப்பு இருக்கிறது.

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியைத் தெரியுமல்லவா? கருவேலம் மண்டிக் கிடந்த வறண்ட மண்ணில், ஏறத்தாழ 2,500 ஏக்கரில், 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் எழுந்தது. அங்கே முதலாளி வெயிலை விடுவதில்லை, கணக்கையும் விடுவதில்லை. எந்த வரிசைத் தகடு குறைவாக விளைக்கிறது, எங்கே தூசி படிந்தது, எந்தப் பெட்டி சுணங்குகிறது, அத்தனையும் எண்ணாக அவன் மேசைக்கு வந்து சேர்கிறது. 648 மெகாவாட் வைத்திருப்பவன் எண்ணிப் பார்க்கிறான். 2 கிலோவாட் வைத்திருப்பவன் எண்ணாமல் இருக்கிறான்! இழந்தால் தாங்கக்கூடியவன் காவல் காக்கிறான். இழந்தால் தாங்காதவன் கதவைத் திறந்து போட்டுத் தூங்குகிறான்!

விற்க வருகிறவரின் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். "போடுங்கள் சார், பில் பூஜ்யம்!" பூஜ்யம் என்ற சொல் இனிக்கத்தான் செய்கிறது. பொய் என்று நாம் சொல்லவில்லை. சில வீட்டில் மெய், சில வீட்டில் பாதி மெய், சில வீட்டில் பகற்கனவு. எந்த வீட்டில் எது என்பதை அவர் சொல்ல மாட்டார், கணக்குத்தான் சொல்லும். ஆகவே கணக்குக்கு வருவோம்.

மூன்று எண்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் எண், இன்வெர்ட்டர் காட்டுவது. தகடு விளைத்த மொத்தம் அது. இரண்டாவதும் மூன்றாவதும், மின்வாரியம் மாட்டுகிற இருவழி மீட்டர் காட்டுபவை: நாம் வாரியத்திடம் வாங்கியது ஒன்று, வாரியத்துக்குக் கொடுத்தது இன்னொன்று. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மீட்டரில் "கொடுத்தது" என்று காட்டும் எண்ணையே விளைச்சல் என்று நினைத்து, "சொன்னதில் பாதிகூட விளையவில்லையே, ஏமாற்றிவிட்டார்கள்!" என்று குமுறுகிறார்கள். விளைந்ததில் ஒரு பகுதியைப் பகலில் நம் வீட்டு மின்விசிறியும் மிக்சியும் குளிர்பெட்டியும் நேரே உண்டுவிடுகின்றன. உண்டது போக மிஞ்சியதுதான் மீட்டரைக் கடந்து வெளியே போகிறது. வயலில் அறுத்ததெல்லாம் சந்தைக்கு வருமா? வீட்டுக் குதிருக்குப் போனது போக மிச்சம்தானே வண்டியேறும்!

எடுத்துக்காட்டாக 2 கிலோவாட் போட்ட ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். நம் தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில் விளைக்கும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். இது முதல் எண். மீட்டரைப் பார்க்கிறோம்: வாங்கியது 520, கொடுத்தது 300. இப்போது கழித்துப் பாருங்கள். விளைந்த 480-இல் வெளியே போன 300 கழிந்தால் 180. இது பகலில் வீடு நேரே உண்டது. அந்த 180-உடன் வாங்கிய 520-ஐக் கூட்டினால் 700. இதுதான் வீட்டின் உண்மைச் செலவு. 520-இல் 300-ஐக் கழித்தால் 220. பில் இந்த 220-க்குத்தான் வர வேண்டும். ஒரு கூட்டல், இரண்டு கழித்தல். நான்காம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு! இதைப் போடத் தெரிந்தவரை எவரும் ஏமாற்ற முடியாது.

இந்த உண்மைச் செலவு என்ற எண்ணை ஏன் வற்புறுத்துகிறோம்? "தகடு போட்டோம், ஆனாலும் பில் ஏறிவிட்டது" என்று குறைப்படுகிற வீடுகள் உண்டு. தகட்டின் குற்றமா? நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் விடை கிடைக்கும். தகடு வந்த துணிச்சலில் குளிர்சாதனம் வந்திருக்கும். பகலில் போடாமல் இரவெல்லாம் ஓடியிருக்கும். 700 யூனிட் செலவு 900 ஆகியிருக்கும். தகடு தன் 480-ஐக் குறையாமல் தந்துகொண்டிருக்கிறது. நாம்தான் 200 கூடுதலாக விழுங்கினோம். மூன்று எண்ணையும் எழுதி வைத்தவருக்குக் குற்றவாளி யார் என்று தெரியும். எழுதாதவர் தகட்டைத் திட்டுவார், வாரியத்தைத் திட்டுவார், வெயிலையும் திட்டுவார்!

அடுத்து, சேமிப்பு எவ்வளவு? இங்கேதான் நம் தோழர்கள் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். எல்லா யூனிட்டும் ஒரு விலையல்ல. நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் வந்த ஏற்பாடு. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 2024 ஜூலைக் கட்டணத்தின்படி நடுப்படியில் நாலரை ரூபாய்க்கு மேல். 400-ஐத் தாண்டினால் 6 ரூபாய்க்கு மேல். 500-ஐத் தாண்டினால் 8 ரூபாய்க்கு மேல். 1,000-ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். போதாக்குறைக்கு, 500 வரை நிற்பவருக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் பாதி விலைச் சலுகை, 500-ஐத் தாண்டியவருக்கு இல்லை. கட்டணம் மாறினால் புது எண்ணை வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். கணக்கின் முறை மாறாது.

முறை என்ன? தகடு வெட்டுவது அடிப்படியை அல்ல, உச்சிப் படியை! மேலே சொன்ன 700 யூனிட் வீட்டை எடுத்துக்கொள்வோம். தகடு இல்லாவிட்டால் பில் 3,800 ரூபாய் அளவில் வரும். 220 யூனிட்டாக இறங்கியதும் 330 ரூபாய் அளவில் நின்றுவிடும். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 3,500 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கு மேல். 2 கிலோவாட்டுக்கு 1,20,000 ரூபாய் செலவு என்று வைத்து, ஒன்றிய அரசின் மானியம் 60,000-ஐக் கழித்தால், கையிலிருந்து போட்ட 60,000 மூன்றாண்டில் திரும்பிவிடுகிறது. நல்ல வாணிபம்!

இப்போது 260 யூனிட்டில் குடும்பம் நடத்துகிற வீட்டுக்கு வாருங்கள். இரண்டு விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி, ஒரு குளிர்பெட்டி. பில் 500 ரூபாய்க்குச் சற்று மேல். 1 கிலோவாட் தகடு போட்டால் பில் பூஜ்யம்தான், மறுக்கவில்லை. ஆனால் மிச்சம் எவ்வளவு? ஆண்டுக்கு 3,000 ரூபாய் அளவில். 60,000 ரூபாய் விலையில் மானியம் 30,000 போனாலும், கைப்பணம் 30,000 திரும்பப் பத்தாண்டு ஆகும். அதற்குள் இன்வெர்ட்டரை மாற்றும் காலமும் நெருங்கிவிடும். அதன் ஆயுள் பத்து முதல் பதினைந்து ஆண்டு. அதே வெயில், அதே தகடு, அதே மானிய விகிதம். ஒருவருக்கு மூன்றாண்டு, ஒருவருக்குப் பத்தாண்டு! அதிகம் செலவழிப்பவருக்கு அதிக லாபம். சிக்கனமாக வாழ்கிறவர் கடன் வாங்கித் தகடு போட்டால், வட்டி மிச்சத்தை விழுங்கிவிடும். "பில் பூஜ்யம்" என்ற இனிப்பை நாக்கில் தடவுவோர் இந்தக் கசப்பைச் சொல்வதுண்டா?

தகடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அளவறிந்து போடுங்கள் என்கிறோம். ஓராண்டு பில்லை, ஆறு பில்லையும் எடுத்து வைத்துக்கொண்டு, 500-ஐத் தாண்டிய பில் எத்தனை என்று பாருங்கள். தாண்டுகிற வீடு துணிந்து போடலாம். தாண்டாத வீடு அவசரப்பட வேண்டாம். தேவைக்கு மேல் பெரிதாகப் போடுவதும் வீண். மிஞ்சிய யூனிட் அடுத்த பில்லுக்கு வரவு வைக்கப்படும். ஆனால் ஆண்டுக் கணக்கு முடிகையில் இன்னும் மிஞ்சி நிற்பதற்கு, நாம் வாங்குகிற விலை கிடைக்காது. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு 75,021 கோடி ரூபாயில், ஒரு கோடி வீடுகளுக்கென வகுத்த 'பிஎம் சூர்ய கர்' திட்டத்திலும் மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போடுகிற ஒவ்வொரு தகடும் முழுக்க நம் பணம்.

போட்ட பிறகு எதைக் கவனிப்பது? முதலில் மாதத்தை மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஐப்பசி மழையில் விளைச்சல் இறங்கும். அது பழுதல்ல, பருவம். மாசி, பங்குனியில் ஏறும். சித்திரை வெயிலில் இன்னும் ஏற வேண்டுமே என்பீர்கள். ஏறாது! தகட்டின் மீது எழுதியிருக்கும் திறன், அது 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் மூன்றிலொரு பங்கு அளவுக்கு விளைச்சல் குறையும். கத்திரி வெயிலில் தகடு 60 டிகிரிக்குக் கொதிக்கும்போது எட்டில் ஒரு பங்கு போய்விடும். தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், வெப்பமல்ல. உலைக்களத்தருகில் நிற்கிற தொழிலாளிக்கு இது சொல்லாமலே விளங்கும்!

அடுத்து தூசி, நிழல். சாலையோரத்து வீட்டில் புழுதி படியும், காக்கை எச்சமிடும். காலையிலோ மாலையிலோ, கண்ணாடி ஆறியிருக்கும்போது மெல்லக் கழுவ வேண்டும். உச்சி வெயிலில் கொதிக்கிற கண்ணாடிமேல் குளிர்நீர் ஊற்றக் கூடாது. உப்புக் கிணற்று நீரால் கழுவினால், காய்ந்த உப்பே புதுத் தூசியாகிவிடும். நிழலோ இன்னும் பொல்லாதது. தகடுகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டவை. பக்கத்து வீட்டுத் தென்னை மட்டையின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தால், நட்டம் அந்த மூலையோடு நிற்பதில்லை. வரிசையில் ஒருவர் சோர்ந்தால் வேலை முழுதும் தளர்வதில்லையா, அப்படி! நோட்டில் எண் சரிந்தால் முதலில் மாடிக்குப் போய் நிழலைத் தேடுங்கள். ஆனால் கம்பியில் கை வைக்காதீர்கள். வெயில் இருக்கும் வரை தகட்டில் மின்சாரம் இருந்தே தீரும். வீட்டு மெயினை அணைத்தாலும் அது அணையாது. அது தெரிந்த மின் தொழிலாளியின் வேலை.

இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது. "கரண்ட் போனால் எங்கள் வீட்டு விளக்கும் அணைந்துவிடுகிறதே! கூரையில் மின்சாரம் வைத்துக்கொண்டு இருட்டில் உட்காருவதா?" நியாயமான ஆத்திரம். ஆனால் காரணத்தைக் கேளுங்கள். பேட்டரி இல்லாமல் வாரியக் கம்பியோடு இணைத்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றதும் நொடிப்பொழுதில் தானும் நின்றுவிடும்படி செய்யப்பட்டது. ஏன்? மின்சாரம் நின்றால் பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறுகிறவர் யார்? நம் லைன்மேன்! கம்பி செத்துவிட்டது என்று நம்பி அவர் கை வைக்கும்போது, நம் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் என்ன ஆகும்? அந்த அரைமணி இருட்டு, ஒரு தொழிலாளியின் உயிருக்கு நாம் தருகிற காவல். முணுமுணுக்காமல் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள் தோழர்களே!

"எழுதுவதெல்லாம் எதற்கு, கைப்பேசியில் செயலி இருக்கிறதே?" என்பர் இளைஞர். இருக்கட்டும், பாருங்கள். ஆனால் அந்தக் கணக்கின் பூட்டும் சாவியும் தகடு மாட்டிய ஆளிடம் இருக்கக் கூடாது. முதல் நாளே உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். இணையம் அறுந்தால் செயலி ஊமையாகும். தகடு மட்டும் விளைத்துக்கொண்டிருக்கும். கம்பெனி கடையைக் கட்டினாலும் உங்கள் தகட்டுக்கு இருபத்தைந்து ஆண்டு வாழ்வு உண்டு. ஆண்டுக்கு அரை சதவிகிதம் அளவில் மெல்லத் தேயுமே தவிர, திடீரென்று சாகாது. திடீரென்று பத்து சதவிகிதம் விழுந்தால் பழுது; உத்தரவாதத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உரிமை கேட்கச் சான்று வேண்டாமா? மீட்டர்ப் பெட்டியருகே ஆணியில் தொங்கும் இருபது ரூபாய் நோட்டுத்தான் அந்தச் சான்று. தேதி, மூன்று எண், கையெழுத்து. வாரம் ஒருமுறை, இரண்டு நிமிடம். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் பொறுப்பைக் கொடுங்கள். தகப்பனை விட ஒழுங்காக எழுதுவாள்.

கடைசியாக, கணக்கிலேயே வராதவரைப் பற்றி. மாடி இல்லாதவர்! ஒரு சுவருக்கு இப்புறமும் அப்புறமும் நான்கு குடித்தனம் இருக்கும் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறவர். மாடி வீட்டுக்காரருடையது, வெயிலும் அவருடையது ஆகிவிடுகிறது. மேலே தகடு போட்டுத் தன் பில்லைக் கரைத்துவிட்டு, கீழே குடியிருப்பவரிடம் யூனிட்டுக்குப் பழைய விலையையே வசூலித்தால், வெயிலுக்கும் அல்லவா வாடகை வாங்கியதாகும்! 2025 ஜனவரியில் இந்தியாவின் சூரிய மின்திறன் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. அதில் வாடகை வீட்டுத் தொழிலாளியின் பங்கு எத்தனை மெகாவாட்?

வழியில்லாமல் இல்லை. ஓரிடத்தில் பொதுவாகத் தகடு போட்டு, விளைச்சலைப் பல வீட்டு பில்லில் பங்கிட்டுக் கழிக்கும் முறைக்கு டெல்லியில் 2019-இலேயே நெறிமுறை வகுத்தார்கள். குடியிருப்போர் சங்கத்தின் பொதுத் தேவைக்குத் தகடு போட, கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் ஒன்றிய அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் மொட்டை மாடிகள் வெயிலில் வெறுமனே காய்கின்றன. தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் அங்கே தகடு வந்தால், பராமரிப்புப் பணம் குறையும். குறைவது அத்தனை குடும்பத்துக்கும் குறையும். பகுதிக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் போடுங்கள். பங்கிட்டுக் கொடுக்கும் முறையைக் கோரிக்கையாக எழுப்புங்கள்.

ஆனால் கோரிக்கை வைக்கிறவர் கையில் எண் இருக்க வேண்டும். "எங்களுக்கும் வெயில் வேண்டும்" என்றால் சிரிப்பார்கள். "எங்கள் மாடி இத்தனை சதுர அடி, கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி வீதம் இத்தனை கிலோவாட், இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட், எங்கள் மோட்டார் தின்பது இத்தனை" என்று தாளை நீட்டினால், சிரித்த வாய் மூடும். வெயில் பொதுவாக இருப்பது இயற்கையின் ஏற்பாடு. அதன் பயனைப் பொதுவாக்குவது நம் வேலை. அந்த வேலை, ஆணியில் தொங்கும் அந்த நோட்டின் முதல் வரியிலிருந்து தொடங்கட்டும்!